இழுவிசையா, வளைவா? நியூட்டனும் ஐன்ஸ்டீனும்

எறிந்த கல் ஏன் கீழே வருகிறது? பூமிதான் அதன் இயல்பான இடம், கனமான பொருள் வேகமாக விழும் என்றார் அரிஸ்டாட்டில். கனமான கல்லோடு லேசான கல்லைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார் கலிலியோ. லேசான கல் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் மொத்தக் கனம் கூடியிருப்பதால் வேகமும் கூட வேண்டுமே! அந்த ஒரு கேள்வியிலேயே பழைய கருத்து உடைந்துவிட்டது. ஆகவே, நான் ஒப்பிட விரும்புவது அடுத்து வந்த இருவரை.

நியூட்டன் 1687-இல் சொன்னது: எல்லாப் பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன, தூரம் இரு மடங்கானால் இழுப்பு நாலில் ஒன்றாகும். பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது நிலா. அப்படியானால் அங்கே இழுப்பு 3600-இல் ஒரு பங்கு. இங்கே கல் முதல் வினாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. நிலாவோ தன் நேர்ப்பாதையிலிருந்து வினாடிக்குச் சுமார் 1.4 மில்லிமீட்டர் பூமியை நோக்கி விழுகிறது. கணக்கு பொருந்துகிறது! வானத்துக்கும் மண்ணுக்கும் ஒரே விதி என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஐன்ஸ்டீன் பார்வையில் இழுப்பு என்று ஒன்றில்லை. பொருளைச் சுற்றிக் காலமும் வெளியும் வளைகின்றன. இதற்கு ரப்பர் விரிப்பில் குண்டு வைத்துக் காட்டுவார்கள். எனக்கு அந்த உதாரணம் பிடிக்காது. குண்டு விரிப்பை அமுக்குவதற்கே ஈர்ப்பு வேண்டுமே! இப்படி யோசியுங்கள்: நிலநடுக்கோட்டில் இரண்டு இடங்களிலிருந்து இருவர் நேர் வடக்கே நடக்கிறார்கள். யாரும் இழுக்கவில்லை, யாரும் திரும்பவில்லை. ஆனாலும் துருவத்தில் சந்தித்துவிடுகிறார்கள். தரை வளைந்திருப்பதுதான் காரணம். அதுபோலத்தான் காலமும் வெளியும் வளைந்திருப்பதை நாம் இழுப்பு என்று எண்ணுகிறோம்.

சரி, யார் சொல்வது சரி? லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரின் கதையில் பதில் இருக்கிறது. யுரேனஸ் தடம் மாறுவதை வைத்து, அப்பால் இன்னொரு கோள் இழுக்கிறது என்று நியூட்டன் விதியால் கணக்கிட்டார். 1846-இல் பெர்லினில் தேடிய முதல் இரவிலேயே நெப்டியூன் கிடைத்தது. அப்புறம் புதன். அதன் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புகிறது. மற்றக் கோள்களின் இழுப்பைக் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 விகலை மிச்சம். ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு. இதற்கும் மறைந்திருக்கும் கோள்தான் காரணம் என்றார் அவர். வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. தேடியவர்களுக்கு அது கிடைக்கவேயில்லை.

1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தன் சமன்பாட்டைப் புதனுக்குப் போட்டுப் பார்த்தார். புதிதாக எந்தக் கோளையும் சேர்க்காமலே அதே 43 வந்தது.

புதிதாகப் படிப்பவர் நியூட்டனிலிருந்தே தொடங்கலாம். பாலம் கட்டவும் நிலாவுக்கு ராக்கெட் விடவும் அவர் கணக்கே போதும். ஆனால் ஜிபிஎஸ்ஸுக்குப் போதாது. செயற்கைக்கோளிலிருந்து சமிக்ஞை வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் அது தூரத்தைக் கணக்கிடுகிறது; சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருகிறது. ஐன்ஸ்டீன் கணக்குப்படி, உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் செயற்கைக்கோளின் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோவினாடி (வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முந்துகிறது. வேகத்தால் 7 பிந்துகிறது. மிச்சமுள்ள 38 மைக்ரோவினாடியில் ஒளி 11 கிலோமீட்டர் போய்விடும். இந்தத் திருத்தத்தைச் செய்துதான் உங்கள் போன் வழி காட்டுகிறது.