ஈஈஓசி போர்ட்டல்: உடை விதிப் புகாருக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் தனியார் நிறுவனத்தின் உடை விதி பாகுபாடாக இருக்கிறது என்று வழக்குப் போட நினைத்தால், பெரும்பாலும் முதலில் போக வேண்டிய இடம் ஈஈஓசி என்கிற சம வேலைவாய்ப்பு ஆணையம். அதன் போர்ட்டலில் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, எந்த விசாவில் இருந்தாலும் புகார் கொடுக்கலாம். சேவை நல்லதுதான். ஆனால் நாள் கணக்கு தெரியாமல் போனால் நியாயமான வழக்கும் கைவிட்டுப் போகும்.

உள்ளே போனதும் சில கேள்விகள் வரும்: எந்த ஊர், எத்தனை ஊழியர்கள், எப்போது நடந்தது, எதை வைத்துப் பாகுபாடு. மதம், இனம், பாலினம் என்றால் நிறுவனத்தில் 15 பேராவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இதைத் தாண்டினால் 'இன்க்வயரி' பதிவாகும், நேர்காணலுக்கு நாள் குறிக்கலாம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். இன்க்வயரி அனுப்பியதைப் புகாராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நேர்காணலுக்குப் பின் தயாராகும் 'சார்ஜ்' ஆவணத்தில் கையெழுத்துப் போட்டால்தான் புகார்.

கெடு 180 நாள். அதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அதற்கான அமைப்பும் உள்ள மாநிலங்களில் 300. சனி, ஞாயிறும் சேர்த்தி. எச்ஆர் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துத் தர மாட்டார்கள். கெடு முடிய 60 நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் விரைவாகப் பதிய என்ன செய்ய வேண்டும் என்று போர்ட்டலே தனியாகச் சொல்லும். அதை விட்டுவிட்டு, தூரத்தில் கிடைத்த நேர்காணல் தேதியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்தது எழுதும் விதம். 'டிரஸ் கோடு அநியாயம்' என்று எழுதிப் பயனில்லை. முதலாளி அநியாயமாக நடந்தால் மட்டும் போதாது, அது மதம், இனம், பாலினம் போன்ற ஒன்றோடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். இப்படி எழுதுங்கள்: 'மார்ச் 3, நெற்றியில் திருநீறு கூடாது என்றார் சூப்பர்வைசர். மார்ச் 4, இது மத வழக்கம், விலக்கு வேண்டும் என்று மெயில் அனுப்பினேன். மார்ச் 10, மறுத்தார்கள். மார்ச் 12, ஷிப்டைக் குறைத்தார்கள்.' நாலு வரி போதும். விலக்கு கேட்டதற்கு எழுத்தில் சான்று இல்லாவிட்டால், 'எங்களுக்குத் தெரியவே தெரியாது' என்று நிறுவனம் கை விரிக்கும்.

மத உடை விஷயத்தில் சட்டம் தெம்பாகவே இருக்கிறது. முக்காடு அணிந்த பெண்ணுக்கு அபர்கிராம்பி கடை வேலை மறுத்த வழக்கில், மத வழக்கத்துக்கு விலக்குத் தராமல் தவிர்க்கும் நோக்கமே தவறு, அது மத வழக்கம் என்று நிறுவனத்துக்கு உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதே நீதிமன்றத்தில் கிராஃப் என்பவரின் வழக்கு இன்னொரு கதவைத் திறந்தது: சில்லறைச் செலவைக் காட்டி விலக்கை மறுக்க முடியாது, தொழிலுக்குக் கணிசமான சுமை என்று நிரூபிக்க வேண்டும். ஆனால் இயந்திரத்தில் சிக்கும் என்பதற்காகத் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்வது வேறு கதை. அங்கே 'சட்டைக்குள் பின் குத்தி வைக்கிறேன்' என்று மாற்றுவழியோடு கேட்பதே புத்திசாலித்தனம்.

தலைமுடி விஷயத்தில் இந்தக் கதவு அவ்வளவு பலமில்லை. கறுப்பினப் பெண்ணிடம் சடைமுடியை (டிரெட்லாக்ஸ்) வெட்டச் சொன்ன வழக்கில் 2016-ல் ஈஈஓசியே தோற்றது. இனத்தோடு சேர்ந்த முடி அமைப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2019-ல் கலிபோர்னியா தொடங்கிவைத்த கிரவுன் சட்டம் உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு உடை என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. ஒரு பக்கத்துக்குக் கூடுதல் சுமை என்று காட்ட வேண்டும்.

சார்ஜ் பதிந்த 10 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தகவல் போகும். இலவச மத்தியஸ்தம் கேட்டு வந்தால் தட்டாதீர்கள். விசாரணையைவிட மிக வேகம். இந்தச் சேவையில் நமக்குப் பிடித்தது, நிறுவனம் தந்த விளக்கத்தைப் போர்ட்டல் வழியாகக் கேட்டு வாங்க முடிவது. அதற்கு மறுப்பு எழுத 20 நாள். பிடிக்காதது, வழக்குப் போட உரிமை தரும் கடிதம் போர்ட்டலுக்குள் போய் உட்கார்ந்துகொள்வது. அறிவிப்பு மெயில் ஸ்பாமில் கிடக்கும், 90 நாள் கெடுவோ ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜ் பதிந்த பிறகு வாரம் ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள்.