ப்ரீகட் துணிக்கு குடுக்குற காசு தகுமா? நாலு வருஷம் வாங்கித் தைச்சுப் பாத்த கணக்கு

போன மாசம் 46 டாலர் குடுத்து ஒரு ஜெல்லி ரோல், அதாவது பட்டையா வெட்டிச் சுருட்டி வச்ச துணிக் கட்டு, வாங்கிட்டு வந்தேன், டாக்ஸ் தனி. மேஜை மேல வச்சு ரிப்பனப் பிரிக்கிறப்போ அம்மா திருச்சிலருந்து வீடியோ கால்ல இருந்தாங்க. "இத்தனூண்டு துணிக்கா நாலாயிரம் ரூவா? மொத்தம் எத்தன மீட்டர்டி வரும்?"னு கேட்டாங்க. அம்மா வீட்லயே ஜாக்கெட் தைச்சுக் குடுத்து எங்களப் படிக்க வச்சவங்க, துணியக் கையில எடுத்தாலே இதுல எவ்ளோ தேறும் எவ்ளோ வீணாப் போகும்னு சொல்லிடுவாங்க. எனக்கு டக்குனு பதில் வரல. நாலு வருஷமா இதத்தான வாங்கிட்டிருக்கேன், ஒரு தடவ கூட மீட்டர் கணக்கு போட்டுப் பாக்கலயேன்னு அன்னைக்கு ராத்திரியே டேப்ப எடுத்துட்டு உக்காந்தேன். ஹூஸ்டன்ல நம்ம ஆளுங்க நெறய பேர் இப்போ குயில்ட் (துண்டுத் துணிகளச் சேத்து, உள்ள பஞ்சு வச்சுத் தைக்கற போர்வை) தைக்க ஆரம்பிச்சிருக்காங்க, வாட்ஸப்ல திரும்பத் திரும்ப இதே கேள்விதான் வருது, அதனால மொத்தமா எழுதிடறேன்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி. ப்ரீகட்னா ஒரு டிசைனரோட ஒரு கலெக்‌ஷன்ல இருக்கிற எல்லா பிரிண்ட்டையும் ஒரே அளவுல மெஷின்ல வெட்டி கட்டிக் குடுக்கறது. ரெண்டரை இன்ச் அகலத்துல, துணியோட முழு பன்னாவுக்கும் (அகலத்துக்கும்) வெட்டுன 40 பட்டைய சுருட்டி வச்சா ஜெல்லி ரோல், 10 இன்ச் சதுரம் 42 இருந்தா லேயர் கேக், அஞ்சு இன்ச் சதுரம் 42 இருந்தா சார்ம் பேக், ரெண்டரை இன்ச் சதுரமா இருந்தா மினி சார்ம். ஜெல்லி ரோல், லேயர் கேக் ரெண்டும் டல்லாஸ்ல இருக்கிற மோடா கம்பெனி பேரு, அதே சாமான ரைலி பிளேக் ரோலி போலிங்கறாங்க, ராபர்ட் காஃப்மன் ரோல் அப்ங்கறாங்க, பேரு மாறினாலும் அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இப்போ அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். 40 பட்டைய பக்கத்துல பக்கத்துல அடுக்குனா 100 இன்ச், பன்னா 44, ஆக ரெண்டே முக்கால் யார்டு, அதாவது ரெண்டரை மீட்டர் சொச்சம். 46 டாலருக்கு யார்டு கிட்டத்தட்ட 17 டாலர் விழுது. நான் வாங்குற குயில்ட் கடைல அதே கம்பெனி துணிய யார்டு 13 டாலருக்கு வெட்டிக் குடுக்கறாங்க. லேயர் கேக் 44 டாலருக்கு வாங்கினேன், அதுல ரெண்டு யார்டும் அரையும் கொஞ்சமும் இருக்கு, யார்டு பதினாறரை. சார்ம் பேக் 12 டாலர், பாக்க சல்லிசா தெரியும், ஆனா உள்ள இருக்கறது முக்கால் யார்டு கூட இல்ல, யார்டு 18 ஆகுது. மினி சார்ம் அஞ்சு டாலர், கவுண்டர்ல பில் போடற எடத்துல கூடைல வச்சிருப்பாங்க, அழகா இருக்கேன்னு கை தானா போகும், அதக் கணக்கு போட்டா யார்டு 30 டாலர்! எனக்கே நெஞ்சு பக்னு ஆச்சு, ஏன்னா என் டப்பால ஒம்பது மினி சார்ம் கெடக்கு.

இதோட முடிஞ்சா பரவால்ல, தையலுக்கு போற துணியையும் பாக்கணும். குயில்ட்ல நாலு பக்கமும் கால் இன்ச் உள்ள போயிடும். 10 இன்ச் சதுரம் தைச்சு முடிச்சா ஒம்போதரை, பத்துல ஒரு பங்குதான் நஷ்டம். அஞ்சு இன்ச் சதுரம் நாலரை ஆகுது, அஞ்சுல ஒரு பங்கு போச்சு. ரெண்டரை இன்ச் சதுரம் ரெண்டு இன்ச்சுதான் நிக்கும், மூணுல ஒரு பங்குக்கு மேல துணி தையலுக்கு உள்ள மடிஞ்சு போயிடுது. சின்னதா வெட்டினது விலையும் கூட, கண்ணுக்குத் தெரியறதும் கம்மி. இது யாரும் பாக்கெட் மேல எழுதி வைக்கறதில்ல.

அப்போ யார்டு துணியவே வாங்கி வெட்டிக்கலாமேன்னு கேப்பீங்க. இங்கதான் விஷயமே இருக்கு. லேயர் கேக்ல 42 சதுரம், அதுல முப்பது முப்பத்தஞ்சு விதமான பிரிண்ட் வரும், சிலது ரெண்டு ரெண்டு இருக்கும். அத்தன பிரிண்ட்டையும் தனித்தனியா கால் கால் யார்டு வாங்கினா கூட எட்டு யார்டு பக்கம் வந்துடும், 13 டாலர்னா நூறு டாலர் பக்கம். குயில்ட் தைச்சு முடிச்சப்புறம் அலமாரில அத்தனையும் பாதி பாதி கெடக்கும். அதனால ஒரு குயில்ட்ல எத்தன விதம் வேணும்ங்கறதுதான் மொதல்ல பாக்க வேண்டியது. ரெண்டு மூணு கலர்ல தைக்கப் போறீங்கன்னா ப்ரீகட் பக்கமே போகாதீங்க, யார்டுதான். முப்பது விதம் வேணும்னா ப்ரீகட்தான் சல்லிசு.

இன்னொண்ணு நாலு வருஷத்துல எனக்கு உறுதியாப் புரிஞ்சது, என் கருத்துல எல்லாத்தையும் விட முக்கியம். பேட்டர்ன் அந்த வெட்ட அப்படியே பயன்படுத்தினா மட்டும் வாங்குங்க. நாம அதிகமாக் குடுக்குற காசு வெட்டுக் கூலி. வாங்கிட்டு வந்து அத மறுபடி அளந்து வெட்டப் போறோம்னா ஏன் அந்தக் கூலியக் குடுக்கணும்? ஆரம்பத்துல நான் ஒரு ஸ்டார் பேட்டர்னுக்கு ஜெல்லி ரோல் வாங்கினேன், அதுல பட்டைய ரெண்டரை, நாலரை இன்ச்னு துண்டு துண்டா நறுக்கணும், ஒவ்வொரு பட்டையா இஸ்திரி போட்டு, மடிச்சு, ரூலர் வச்சு நறுக்கி முடிக்க மூணு சாயங்காலம் ஆச்சு. யார்டு துணியா இருந்திருந்தா நாலா மடிச்சு ரோட்டரி கட்டரால (உருட்டி வெட்டற வட்டக் கத்தி) ஒரு மணி நேரத்துல முடிச்சிருப்பேன்.

ஜெல்லி ரோல அப்படியே பயன்படுத்துறதுன்னா ரேஸ் குயில்ட் இருக்கே, அது. 40 பட்டையையும் நுனிக்கு நுனி சேத்து ஒரே நீளமா தைச்சா கிட்டத்தட்ட 1600 இன்ச் வரும், அத ரெண்டா மடிச்சு தைச்சு, திரும்ப மடிச்சு தைச்சு, அஞ்சு தடவ அப்படி செஞ்சா 32 வரிசை, சுமார் 50க்கு 64 இன்ச் மேல்துணி ஒரே நாள்ல ரெடி. என் பொண்ணு ஏழாவது படிக்கறப்போ அவளே தைச்சா, லீவு நாள் காலைல ஆரம்பிச்சு ராத்திரி சாப்பாட்டுக்குள்ள. அந்த மாதிரி வேலைக்கு 46 டாலர் எனக்கு மனசார சம்மதம்.

ஆனா ஜெல்லி ரோல்ல கவனிக்க வேண்டியது ஜாஸ்தி. ஓரம் பிரியாம இருக்க ரெண்டு பக்கமும் பல்லு பல்லா வெட்டியிருப்பாங்க. அந்தப் பல்லோட நுனியிலருந்து நுனிக்கு அளந்தா ரெண்டரை, பள்ளத்துலருந்து அளந்தா கம்மி. மொத தடவ நான் பள்ளத்த மெஷின் கைடுக்கு நேரா வச்சு தைச்சுட்டேன். மூணு பட்டைய சேத்துத் தைச்சா ஆறரை இன்ச் வரணும், எனக்கு ஆறேகால்தான் வந்துச்சு, ஒவ்வொரு ஓரத்துலயும் ஒரு வீசம், இன்ச்ல பதினாறுல ஒரு பங்கு, கூடுதலா உள்ள போயிருக்கு. தைச்சு வச்ச எட்டு பிளாக்க (கட்டத்த) பிரிச்சேன். இப்போ புது ரோல் எடுத்தா மொதல்ல மூணு பட்டைய தைச்சு, இஸ்திரி போட்டு, அளந்து பாத்துட்டுதான் மிச்சத்தத் தொடறது. கம்பெனிக்கு கம்பெனி இது கொஞ்சம் மாறுது, அதனால நீங்களும் உங்க ரோல அளந்துக்குங்க. நீளப் பட்டைகள ஒரே பக்கத்துலருந்து தைச்சுட்டே போனா வில்லு மாதிரி வளைஞ்சுக்கும், ஒண்ண மேலருந்து கீழ, அடுத்தத கீழருந்து மேலன்னு மாத்தி மாத்தி தைங்க.

அப்புறம் அந்தப் பிசிறு! ரோலப் பிரிச்சதும் பல்லு ஓரத்துலருந்து நூல் தூள் கொட்டும், கருப்பு குர்த்தி போட்டுட்டு உக்காந்தா நீலமும் மஞ்சளுமா ஒட்டிக்கும், மெஷின் பாபின் கேஸ்ல போயி அடைக்கும். பிரிக்கறதுக்கு முன்னாடியே சுருட்டின ரெண்டு முகத்துலயும் ஒட்டு ரோலர நல்லா உருட்டி எடுத்துடுங்க, பாதி தொல்ல போயிடும். தண்ணில நனைக்கணும்னு மட்டும் நினைக்காதீங்க, பட்டை சுருங்கி ஓரம் நூல் நூலா பிரிஞ்சு சிக்காயிடும், அளவும் போயிடும்.

நனைக்க முடியாதுங்கறதுதான் ப்ரீகட்டோட பெரிய குறைனு நான் சொல்லுவேன். நம்ம ஊர்ல சிவப்பு துணி வாங்கினா மொதல்ல உப்புத் தண்ணில போட்டு சாயம் போகுதான்னு பாப்போம்ல, இதுல அதுக்கு வழியே இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு ரோல் 18 டாலர்னு போட்டிருந்தான், பேரு தெரியாத கம்பெனி, பாதி விலைக்கும் கம்மியா கெடைக்குதேன்னு வாங்கினேன். வந்தப்போ மொடமொடன்னு கஞ்சி, நல்ல துணின்னு நெனச்சுட்டேன். தைச்சு, பஞ்சு வச்சு, குயில்ட்டிங் முடிச்சு மொத தடவ தோச்சப்போ கஞ்சி போயி நெசவு கொசுவல மாதிரி இளிச்சுது, சிவப்பு சாயம் எறங்கி பக்கத்து வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. அண்ணியோட அறுபதாம் கல்யாணத்துக்குன்னு ரெண்டு மாசம் உக்காந்து தைச்சது, அத எப்படிக் குடுக்கறது? அன்னைக்கு நான் அழுதேன். அதுக்கப்புறம் ப்ரீகட்னா கடைல தொட்டுப் பாத்ததோ, இல்ல அந்தக் கம்பெனி யார்டு துணிய ஏற்கனவே தோச்சுப் பாத்ததோதான். மொத சலவைக்கு குளுந்த தண்ணி, கூடவே எறங்கற சாயத்த இழுத்துக்கற கலர் கேட்சர் ஷீட் ரெண்டு மூணு, இது கண்டிப்பா.

தொட்டுப் பாக்கறதும் இப்போ கஷ்டமாயிட்டு வருது. 2025ல ஜோஆன் கடைங்க எல்லாத்தையும் மூடிட்டாங்க, எங்க ஏரியால வேலை முடிஞ்சு வர்ற வழில ஒரு துணியத் தடவிப் பாத்துட்டு வரலாம்னா அது ஒண்ணுதான் இருந்துச்சு. இப்போ நல்ல குயில்ட் கடைக்கு நாப்பது நிமிஷம் ஓட்டணும். ஸ்க்ரீன்ல பாத்து நாலு யார்டு துணிய மேட்ச் பண்ணி வாங்கினா வர்றப்போ நீலம் பச்சையா வந்து நிக்குது. அந்த வகைல ப்ரீகட் பாக்கெட்ல எல்லாம் ஒரே டிசைனர் சேத்து வச்ச கலர், ஒண்ணோட ஒண்ணு சண்ட போடாது, கலர் சேக்கறதுல தைரியம் இல்லாதவங்களுக்கு இது பெரிய ஒத்தாசை.

எனக்கு எல்லாத்துலயும் பிடிச்சது லேயர் கேக்தான், தயங்காம சொல்லுவேன். 42 சதுரத்தையும் ஆறுக்கு ஏழா அடுக்கி அப்படியே தைச்சா 57க்கு அறுபத்தாறரை இன்ச் வருது, சோஃபால ஒரு ஆள் போத்திக்கற அளவு, வேற துணியே வேணாம். பெரிய பெரிய பூ போட்ட பிரிண்ட்ட ஜெல்லி ரோல்ல வாங்கினா ரெண்டரை இன்ச்ல இதழ் பாதி, காம்பு பாதின்னு வெட்டுப்பட்டு என்ன பூன்னே தெரியாது, 10 இன்ச்ல பூ முழுசா நிக்கும். முக்கோணம் வேணும்னாலும் ரெண்டு சதுரத்த முகத்துக்கு முகம் வச்சு, ரெண்டு மூலைவிட்டத்துலயும் ரெண்டு பக்கம் கால் கால் இன்ச் தள்ளி தைச்சு, நடுவுல குறுக்கயும் நெடுக்கயும், அப்புறம் மூலைவிட்டத்துலயும் வெட்டினா எட்டு கட்டம் ஒரே வீச்சுல கெடைக்கும், நாலரைக்கு ட்ரிம் பண்ணிக்கலாம். இங்க மறுபடி வெட்டறோமேன்னு கேக்கலாம், ஆனா துண்டு துண்டா அளந்து நறுக்கற வேலை இல்ல, நடுவுலயும் மூலைக்கு மூலையும் ரூலர் வச்சு வெட்டி, கடைசில ட்ரிம் பண்ணா போதும்.

சார்ம் பேக் குழந்தைக்கு தைக்கறதுக்கு நல்லது, ஒரு பாக்கெட் மட்டும் வாங்கி ஏமாறாதீங்க. 42 கட்டம் அடுக்கினா 27க்கு முப்பத்தொண்ணரை இன்ச்சுதான், தொட்டில்ல விரிக்கக் கூட சின்னது. ரெண்டு பாக்கெட் வாங்கி எட்டுக்கு பத்தா அடுக்கினா 36க்கு 45, அது சரியான அளவு. ஒத்தக் கலர் துணிய ப்ரீகட்டா வாங்கறதும், பின்னணி வெள்ளைய ப்ரீகட்டா வாங்கறதும் வேணவே வேணாம், அது நாமளே அஞ்சு நிமிஷத்துல வெட்டறது.

ஃபேட் குவார்ட்டர் பத்தியும் சொல்லணும். 18க்கு 22 இன்ச் துண்டு, நாலு டாலர் பக்கம் வருது. ஒண்ணுல அஞ்சு இன்ச் சதுரம் 12 எடுக்கலாம், பட்டைன்னா 22 இன்ச் நீளத்துல ஏழு. தள்ளுபடில கெடைச்சா யார்டு விலைக்கே வந்துடும், வாங்கி வச்சுக்கலாம், நனைச்சும் பாத்துக்கலாம்.

எல்லாத்துக்கும் மேல ஒரு ஆளுக்கு இந்த விலைக் கணக்கு எதுவும் பொருந்தாது. எங்க தையல் குரூப்ல ஒரு அக்கா, மணிக்கட்டு வலி, ரோட்டரி கட்டர அழுத்திப் பிடிச்சா ரெண்டு நாளைக்கு தோசை திருப்ப முடியாதுன்னு சொல்லுவாங்க. அவங்க வீட்ல கட்டிங் மேட்டே இல்ல, ப்ரீகட்லயே வருஷத்துக்கு மூணு குயில்ட் முடிக்கறாங்க. யார்டுக்கு நாலு டாலர் கூடன்னு அவங்ககிட்ட யாரும் பேச மாட்டோம்.

போன மாசம் வாங்கின அந்த 46 டாலர் ரோல்ல ரேஸ் குயில்ட் தைக்கலாம்னு இருந்தேன், கணக்கெல்லாம் போட்டப்புறம் மனசு மாறிட்டேன். 32 பட்டைய முழு நீளமாவே சேத்து தைச்சு மேல்துணி முடிச்சாச்சு, எட்டு பட்டை மிச்சம். லேயர் கேக்ல தைச்ச குயில்ட்டுக்கு ஓரப்பட்டை கட்டணும், சுத்தளவு 247 இன்ச், மூலை மடிப்புக்கும் சேத்து ஏழு பட்டை போதும், அகலமும் அதே ரெண்டரைதான். நாளைக்கு அம்மா கால் பண்றப்போ அந்த ஓரத்தக் கையால தைச்சுட்டிருப்பேன்.