நாகப்பட்டினத்தில் ‘சூடாமணி விகாரம்’ காட்டுவதாகச் சொல்லும் வழிகாட்டிகள்: ஓர் எச்சரிக்கை

சூடாமணி விகாரத்தின் இடிபாடுகளைக் காட்டுகிறோம் என்று நாகப்பட்டினத்தில் யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சுமத்திராவைச் சேர்ந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் எழுப்பிய, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக (பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடும் கொடையாக) வழங்கிய அந்தப் பௌத்த மடத்தின் எச்சமாகக் கருதப்பட்ட செங்கல் கோபுரம் 1867-ஆம் ஆண்டிலேயே இடித்துத் தள்ளப்பட்டுவிட்டது.

நானும் என் தந்தையும் அங்கே சென்றபோது சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவர், காரும் வழிகாட்டியும் சேர்த்து 4,500 ரூபாய் என்று பேசி, முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான என் தந்தை பார்க்க விரும்பியதெல்லாம், ஸ்ரீவிஜய மன்னரின் ஆட்கள் அளித்த கொடைகளைக் கூறும் நாகப்பட்டினம் காயாரோகணசுவாமி கோயில் கல்வெட்டுகளைத்தான். வழிகாட்டியோ ஊர்ப்புறத்துச் செங்கல் மேடு ஒன்றுக்கு எங்களை அழைத்துச் சென்று, இதுவே விகாரம் என்றும், காவலாளிக்கு ஆளுக்கு 300 ரூபாய் தரவேண்டும் என்றும் கூறினார். கோபுரம் இடிக்கப்பட்டதை அப்பா எடுத்துச் சொன்னதும், “அது வேற சார், இது வேற” என்று நழுவினார். இந்த வாக்குவாதம் முடிந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கோயில் நடை சாத்தப்பட்டுவிட்டது. மாலைவரை காத்திருக்க ஓட்டுநர் கூடுதல் வாடகை கேட்டார். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் எடுத்துச் சொன்ன கல்வெட்டைக் காணாமலே அப்பா திரும்ப நேர்ந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

இதைவிடக் கொடியது, அடுத்து ஒரு வீட்டில் நடந்த பேரம். கடைக்கால் தோண்டும்போது கிடைத்தது என்று கூறி, சிறிய புத்தர் சிலை ஒன்றுக்கு 18,000 ரூபாய் விலை சொன்னார்கள். 1856 முதல் நாகப்பட்டினத்தின் வெளிப்பாளையம் உள்ளிட்ட இடங்களில் 300-க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத்திருமேனிகள் உண்மையாகவே கிடைத்திருப்பதால், இப்பேச்சை எளிதில் நம்பிவிட முடிகிறது. சிலை போலியென்றால் பணம் போகும். உண்மையென்றால் வாங்கியவரே வழக்கில் சிக்குவார். புதையல் கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வணிகம் செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டுங்கள் என்றதும் சிலையைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஏற்பாட்டாளர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் செலுத்திய சான்றுடன் காவல் நிலையத்தில் புகார் அளித்திருக்கிறேன். அங்கே செல்வோர் முழுத் தொகையை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பார்க்கவேண்டிய இடங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் காலையிலேயே நீங்களாகச் சென்றுவிடுங்கள். நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகளைக் காண விரும்புவோருக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகமே உரிய இடம்.