தரமணியில் ஒரு காகிதக் கூட்டம்

இந்த முறை சென்னைக்கு வந்ததில் பாதி நேரம் டோக்கன் வாங்கி உட்காருவதிலேயே போய்விட்டது. ஓர் அலுவலகத்தில் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாளும் அதே பதில். அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பற்றி எழுதலாம்.

ஆட்டோக்காரரிடம் நூலகத்தின் பெயரைச் சொன்னால் விழிப்பார். சிபிடி (சென்ட்ரல் பாலிடெக்னிக்) வளாகம் என்று சொல்லுங்கள்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த முத்தையா, பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தவை சுமார் ஒரு லட்சம். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை, 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். அயல்நாட்டில் இருந்துகொண்டு நான் சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் அது நல்ல முடிவு.

நான் தேடிப்போன பழைய வார இதழ் சீக்கிரமே கைக்கு வந்தது. அப்புறம் நூலக ஊழியர்களிடம் சும்மா கேட்டேன்: "இங்கே உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?" அவ்வளவுதான், ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருவருக்கு சினிமாப் பாட்டுப் புத்தகம். கதைச்சுருக்கத்தைச் சிக்கலான இடம்வரை சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்துவார்களே, அதற்காகவே படிக்கிறாராம். இன்னொருவருக்குக் குஜிலிப் பாட்டு. வெள்ளம், ரயில் விபத்து, கொலை வழக்கு என்று ஊரில் எது நடந்தாலும் சிந்து கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, தெருவில் பாடியே விற்றிருக்கிறார்கள். செய்தித்தாள் வாங்காதவர்களுக்கும் அதுதான் செய்தி. படித்தவர்கள் மதிக்காத சரக்கு என்பதால் யாரும் பத்திரப்படுத்தவில்லை, எஞ்சியது கொஞ்சம்தான்.

பழுதுபார்க்கும் பிரிவில் இருந்த அக்காவுக்கோ எழுத்து இரண்டாம்பட்சம், தாள்தான் முக்கியம். துணிக்கூழில் செய்த நூற்றைம்பது வருடத் தாளைப் புரட்டிக் காட்டினார், வளைந்து கொடுத்தது. பக்கத்திலேயே 1940களின் இதழ் ஒன்று, அப்பளம் மாதிரி. மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம் அதை உள்ளிருந்தே அரித்துவிடுகிறது என்றார். கிழிசலின் மேல் ஜப்பானிய மெல்லிய தாள் ஒன்றை வைத்து, மாவுப் பசை தொட்டு, பிரஷ்ஷால் ஒரே பக்கமாக நீவினார். ஒட்டிய இடம் தெரிந்தது, எழுத்து மறையவில்லை. பிறகு வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டுப் பிரித்துவிடலாமாம். "செல்லோ டேப் மட்டும் ஒட்டிடாதீங்க மேடம், அதோட பழுப்பு போகவே போகாது" என்றபோது, ஒட்டியவர்கள் எல்லார் மேலும் அவருக்குக் கோபம் இருந்தது தெரிந்தது.

போகிறவர்கள் முன்கூட்டியே போன் செய்து விடுமுறை நாளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்ன வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். அலமாரியில் நாமே துழாவ முடியாது, அவர்கள்தான் எடுத்துத் தருவார்கள்.

கிளம்பும்போது, "வீட்டில் பழைய நோட்டீஸ், பத்திரிகை இருந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க" என்றார்கள். பெரியம்மா வீட்டுப் பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. "அதை இறக்க ஆள் வேணும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பார்க்கலாம்" என்கிறார் பெரியம்மா.