இன்டர்சேஞ்ச் ரீசைக்கிளிங்: கறுத்த ஒயிலும் பழைய கூலன்டும் கொடுத்துவிட்டு வந்தேன்

கனடாவின் சரே நகருக்குக் குடிவந்த நாளிலிருந்து என் காருக்கு நானேதான் ஒயில் மாற்றுகிறேன். கார் 2010 கொரோலா. ஒருமுறைக்கு 4.2 லீற்றர் பிடிக்கும். கழற்றிய ஒயிலை நன்றாக வடியவிட்டு, புது ஒயில் வந்த அதே கேனுக்குள் புனல் வைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, கராஜ் மூலையில் வைத்துவிடுவேன். மூன்று நான்கு கேன் சேர்ந்ததும் பழைய ஒயில் எடுக்கும் டிப்போவுக்குக் கொண்டுபோவேன். இந்தக் கோடையில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டையும் மாற்றினேன். டொயோட்டாவின் அந்த இளஞ்சிவப்புக் கூலன்டை முதல்முறை 160,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்கிறார்கள். என் கார் அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்ததும் நாலு லீற்றருக்குக் கொஞ்சம் குறைய வந்தது. ஆக, இம்முறை ஒயில், கூலன்ட், இரண்டு ஃபில்டர், வெறும் கேன்கள் எல்லாமே காருக்குள் ஏறின.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இந்தச் சேகரிப்பை நடத்துவது இன்டர்சேஞ்ச் ரீசைக்கிளிங் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. முன்பு பி.சி. யூஸ்ட் ஒயில் மனேஜ்மன்ட் அசோசியேஷன் என்று பெயர். கனகாலம் இங்கே இருப்பவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பவர் ஸ்டீயரிங் ஒயில், ஒயில் ஃபில்டர், முப்பது லீற்றர் வரையான வெறும் கேன்கள் எல்லாம் எடுப்பார்கள். 2011இலிருந்து கூலன்டும் அதன் போத்தல்களும் சேர்ந்தன. கொடுக்கும்போது ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். காரணம், புது ஒயில் வாங்கும்போதே அந்தக் காசு உங்களிடம் எடுத்தாயிற்று. பற்றுச்சீட்டைப் பாருங்கள், ஒயிலின் விலைக்குக் கீழே சுற்றாடல் கட்டணம் என்று ஒரு சிறு தொகை தனியாக இருக்கும். அதைக் கட்டிவிட்டுப் பழைய ஒயிலைக் கொடுக்காமல் விடுவது, சாப்பாட்டுக்குக் காசு கட்டிவிட்டுச் சாப்பிடாமல் எழும்பி வருவது போல.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தபால் குறியீட்டைப் போட்டால் பக்கத்தில் உள்ள இடங்களைக் காட்டும். பட்டியலில் முதலாவதாக இருந்தது ஒயில் மாற்றும் கடை ஒன்று. சனிக்கிழமை மத்தியானம் போனேன். தாங்கி நிரம்பிவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். வெயிலுக்குள் பதினாறு லீற்றர் கறுத்த ஒயிலை வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும்? இப்படித் திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் ஒருவராவது அதை எங்கேயோ ஊற்றிவிட்டுத்தான் போவார். தாங்கி நிரம்பினால் பட்டியலில் அதைக் காட்டுவதற்கு ஒரு வழி வேண்டும். இப்போதெல்லாம் நான் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவதாகப் போன இடம் வெறும் போத்தல்கள் எடுக்கும் டிப்போ. அங்கே ஒயில் பக்கத்தைப் பார்ப்பவர் ஒரு வயதான பஞ்சாபிக்காரர். அவர் வேலை செய்த விதத்துக்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன். ஒவ்வொரு கேனாகத் திறந்தார். மூக்குக்குக் கிட்ட கொண்டுபோய் மணந்து பார்த்தார். பிறகு ஒரு குச்சியை விட்டு எடுத்து, அதில் ஒட்டிய ஒயிலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். பெற்றோல் கலந்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, கூலன்ட் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் வலை போட்ட பெரிய புனலுக்குள் ஊற்றினார். வெறும் கேனைக் கம்பித் தட்டில் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தார். கடைசிச் சொட்டுகள் நூல் மாதிரி நீளமாக இறங்கிக்கொண்டிருந்தன. கூலன்டுக்கு வேறு பீப்பாய். பழைய பிரேக் ஒயில் அரைப் போத்தல் ஒன்றையும் கொண்டுபோயிருந்தேன். அது இந்தத் திட்டத்தில் இல்லை என்று திருப்பித் தந்து, எங்கே கொடுக்கலாம் என்று மட்டும் ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

அவர் மணந்து பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில், கொக்குவில் பக்கம் ஒரு கராஜில் வேலை பழகினேன். பொருளாதாரத் தடை நடந்த காலம். பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார்கள். அப்படி ஓடினால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையம் தாண்டி அடியில் உள்ள ஒயிலுக்குள் இறங்கிவிடும். ஒயில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்து, விரலால் தேய்த்து, மணந்து பார்த்துத்தான் எங்கள் முதலாளி முடிவெடுப்பார். புது ஒயிலுக்கு நாங்கள் எங்கே போவது? கழற்றியதைத் தகரத்தில் அடையவிட்டு, பழைய வேட்டித்துணியில் வடித்து, தோட்டத்துக்கு இறைக்கிற இயந்திரங்களுக்கு ஊற்றுவோம். அதற்கும் உதவாததை வேலிக் கதியால்களின் அடியில் கறையானுக்குப் பூசுவோம். மிச்சத்தைக் கராஜின் பின்பக்கம் ஊற்றுவோம். அந்த இடத்தில் மண் தார் மாதிரி இருந்தது. பத்துப் பதினைந்து அடி தள்ளிக் கிணறு.

யாழ்ப்பாணத்தின் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியாக நேரே கீழே போகும். குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சனம் நம்பியிருப்பது அந்த நிலத்தடி நீரைத்தான். அந்த வயதில் எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. பல வருடம் கழித்து, அதே யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த செய்தி வந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பானது. இங்கே இருந்து அதை வாசிக்கும்போது எனக்கு அந்தக் கராஜின் பின்பக்கம்தான் கண்ணுக்குள் நின்றது. அதற்குப் பிறகு ஒரு கரண்டி ஒயிலைக்கூட நான் நிலத்தில் விடுவதில்லை.

சரி, கொடுத்த ஒயில் என்னவாகிறது? எஞ்சினுக்குள் ஓடும் ஒயில் தேய்ந்து தீர்ந்துபோவதில்லை, அழுக்காகிறது. கரி, உலோகத் துகள், தண்ணீர், எரிபொருள் எல்லாம் சேர்கின்றன. அதோடு போட்டிருந்த சேர்மானங்கள் செயலிழந்துவிடுகின்றன. சுத்திகரிப்பு ஆலையில் முதலில் சூடாக்கித் தண்ணீரையும் எரிபொருளையும் பிரிக்கிறார்கள். பிறகு வெற்றிடத்தில் வைத்துக் காய்ச்சி வடிக்கிறார்கள். காற்றழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால் ஒயில் கருகாமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அப்படிக் கிடைப்பதை அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு சேர்த்துக் கந்தகத்தையும் மற்ற அழுக்குகளையும் எடுத்தால் தெளிவான அடிப்படை ஒயில் வரும். அதற்குப் புதிதாகச் சேர்மானங்களைக் கலந்தால் எஞ்சின் ஒயில். அடியில் தங்கும் கறுப்புச் சக்கை தார்ப் பொருட்களுக்குப் போகும். அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: இரண்டரை குவார்ட் (நாலு குவார்ட் ஒரு கலன்) எஞ்சின் ஒயில் எடுக்கக் கச்சா எண்ணெய் 42 கலன் வேண்டும், பழைய ஒயில் என்றால் ஒரு கலன் போதும்.

சேகரிக்கும் ஒயில் முழுவதும் இப்படிப் புது ஒயிலாவதில்லை. ஒரு பகுதி ஆலைகளில் எரிபொருளாக எரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. எரித்தால் ஒருமுறையோடு போயிற்று, சுத்திகரித்தால் அதே ஒயில் திரும்பத் திரும்ப வரும்.

கூலன்டும் அதே மாதிரித்தான். அதில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இலகுவில் கெட்டுப்போவதில்லை, துருப்பிடிக்காமல் காக்கும் சேர்மானங்கள்தான் தீர்ந்துபோகின்றன. வடிகட்டி, காய்ச்சி, சேர்மானம் போட்டால் மறுபடி கூலன்ட். இதை வளவுக்குள் ஊற்றாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும், கொஞ்சமே போதும். கேன்களை அரைத்துச் சிறுமணிகளாக்கி மறுபடி ஒயில் கேன், பூச்சாடி என்று வார்க்கிறார்கள். ஃபில்டரை நசுக்கி ஒயிலைப் பிழிந்துவிட்டு இரும்பை உருக்குகிறார்கள்.

இப்படிச் சுத்திகரித்த ஒயிலை ஒருமுறை போட்டுப் பார்க்க ஆசை வந்தது. பெரிய கடைகளின் தட்டுகளில் தேடிக் களைத்துவிட்டேன். உதிரிப்பாகக் கடை ஒன்றில் சொல்லிவைத்து எடுத்தேன். நான் பார்த்தது ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) முத்திரை, அதற்குள் எஸ்.பி. என்ற தரம், என் காருக்கான பாகுநிலை (ஒயிலின் தடிப்பு) ஆகிய மூன்றையும்தான். மூன்றும் சரியாக இருந்தன. புது எண்ணெயோ பழையதிலிருந்து எடுத்ததோ, அந்த முத்திரைக்குச் சோதனை ஒன்றுதான். ஆறாயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டேன். எஞ்சினின் சத்தம் மாறவில்லை, ஒயில் குறையவில்லை, குளிரில் கிளப்பும்போதும் எந்த வித்தியாசமும் இல்லை. கம்பியை இழுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன், வழவழப்பு அப்படியே இருக்கிறது. இவ்வளவு நல்ல சாமானைச் சாதாரண ஒயிலுக்குப் பக்கத்திலேயே வைத்து விற்காமல் இருப்பதுதான் எனக்கு மனவருத்தம். கேட்கிறவர்கள் கூடினால் வைப்பார்கள் என்று நினைக்கிறேன், ஆகவே கேளுங்கள்.

எங்கள் தெருவின் மழைநீர் வாய்க்கால் மூடிகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் மீன் வரைந்திருக்கிறார்கள். அந்தத் துவாரத்துக்குள் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது, நேரே ஓடைக்குத்தான் போகும் என்று அதற்கு அர்த்தம். சரேயில் சேர்ப்பன்டைன் ஆற்றுக்கு இலையுதிர் காலத்தில் கோஹோ சால்மன் கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும். மகளைச் சின்னவயதில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "அண்ணை, நீங்க ஒயில் கொண்டுபோற இடம் எது? என்ர கராஜில நாலு வருசத்து ஒயில் கிடக்கு, மனுசி பேசுறா" என்றார். போய்ப் பார்த்தேன். பதினொரு கேன், ஒரு வாளி. வாளிக்கு மூடி இல்லை, மழைத்தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அதை மட்டும் தனியாக ஒரு கேனில் ஊற்றி, மேலே 'தண்ணீர் கலந்தது' என்று ஒட்டச் சொல்லியிருக்கிறேன். டிப்போவுக்குப் போன் பண்ணினேன், ஒரே நாளில் அவ்வளவும் வேண்டாம், இரண்டு தடவையாகக் கொண்டுவாருங்கள் என்றார்கள். வரும் சனி காலை பத்து மணிக்கு, முதல் தடவையாக ஆறு கேனோடு போகிறோம்.