தண்ணீர்க் கட்டணம்: நிலையானதா, மீட்டரா?

நிலையான கட்டணத்தில் கணக்கு சுலபம், யாருக்கும் புரியும். ஆனால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மண்ணுக்கடியில் குழாய் கசிந்தால், அது எந்தக் கணக்கிலும் வராது.

மீட்டர் இருந்தால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து விட்டதில் வீடுகளில் பதிவானதைக் கழித்துப் பார்க்கலாம். மத்திய அரசு 2008-இல் வகுத்த சேவைத் தர அளவுகோல்படி, வருவாய் தராத தண்ணீர், அதாவது கசிந்தோ வேறு வழியிலோ கட்டணம் வராமல் போவது, விட்டதில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மீட்டர் இல்லாத நகராட்சி அந்த எண்ணை அறிக்கையில் உத்தேசமாகத்தான் எழுத முடியும்.

மீட்டருக்கும் தொல்லை உண்டு: விலை, பழுது, ரீடிங் எடுக்க ஆள். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் ஊரில், குழாயில் காற்று புகுந்தாலும் முள் ஓடும்.

அப்படியும் நான் மீட்டர் பக்கம்தான். கடலோரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறிவிடும். கசிவுக்காக இறைப்பது அநியாயம். ஏழை வீடுகளுக்கு மட்டும் அடிப்படைத் தேவை வரை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.