கத்தரியா, சங்கிலி ரம்பமா?
நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்ட, பொக்லைன் கையில் எந்த வெட்டுத்தலையை மாட்டுவது? சங்கிலி ரம்பத் தலை வேகமானது, வெட்டும் சுத்தமாக இருக்கும். தைலமரத் தோப்பு என்றால் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். ஆனால் சீமைக்கருவேலம் பெரும்பாலும் ஒற்றைத் தண்டாக நிற்பதில்லை. தரையை ஒட்டியே நாலைந்தாகப் பிரியும். தூரோடு அறுக்கப் போனால் மணலும் சரளையும் பட்டுச் சங்கிலிப் பல் சீக்கிரம் மழுங்கும். சில சமயம் சங்கிலியே கழன்றுவிடும்.

ஹைட்ராலிக் கத்தரித் தலை மெதுவானதுதான். மரத்தை நசுக்கி, வெட்டிய முனையைப் பிளந்துவிடும். பிளந்தால் என்ன, மூட்டம் போட்டுக் கரியாக்கப் போகிற விறகுதானே! என் ஓட்டு கத்தரிக்கே. அப்புறம், எதில் வெட்டினாலும் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்க பக்கெட்டைத் திரும்ப மாட்டியாக வேண்டும்.